இறக்கைக்குள் ஓர் ஊதல்

செஸ்னா 172 விமானத்தின் இடது இறக்கை முன்விளிம்பில் சின்னதாக ஒரு துளை இருக்கும். பறப்பதற்கு முன் சில விமானிகள் அதன்மேல் கைக்குட்டையைப் போட்டு, வாய் வைத்து உறிஞ்சிப் பார்ப்பார்கள். உள்ளே, ஆர்மோனியத்தில் இருப்பதுபோல ஒரு ரீடு. 'பீ' என்று ஒலித்தால் சரி. மின்சாரம் கிடையாது, ஒயர் கிடையாது. இறக்கை தன் தூக்குவிசையை இழக்கும் வேகத்துக்கு 5 முதல் 10 நாட் முன்பே எச்சரிப்பதுதான் அதன் வேலை. தூக்குவிசை அப்படிப் போவதை 'ஸ்டால்' என்பார்கள்.

1955-ல் முதன்முதலில் பறந்த இந்த விமானம்தான் உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தயாரானது. இதில் இறங்கும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை பர்சைத்தான் பதம் பார்க்கும்: வேகம் கூடிப்போய்த் தரையில் துள்ளும், பாதையை விட்டு விலகும், புரொப்பெல்லர் வளையும். ஆளைக் கொல்லும் தவறு பெரும்பாலும் ஓடுபாதைக்கு வந்து சேரும் முன்பே நடந்துவிடுகிறது.

ஓடுபாதைக்கு நேராக வருவதற்கான கடைசித் திருப்பம். உயரம் ஏறத்தாழ 500 அடி. பின்காற்று தள்ளியதில் விமானம் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டது. ஓடுபாதை இடப்பக்கம் நழுவிப்போகிறது. தரை இத்தனை பக்கத்தில் தெரியும்போது இறக்கையை மேலும் சாய்க்கக் கை கூசும். அந்நேரம் கால் தன் வேலையைக் காட்டும். இடது ரட்டர் பெடலை அழுத்தி, மூக்கை மட்டும் ஓடுபாதைப் பக்கம் திருப்பப் பார்ப்பார் விமானி.

மூக்கு திரும்பும்போது வெளிப்பக்க இறக்கை வேகமாக ஓடி மேலெழுகிறது, சாய்வு கூடுகிறது. அதைத் தடுக்கக் கை வலப்பக்கம் போகும். மூக்கு கீழே சரிய, கண்ட்ரோலைத் தன் பக்கம் இழுப்பார். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே நியாயமான அனிச்சைச் செயல்கள். மூன்றும் சேர்ந்து உட்பக்க இறக்கையை, காற்றைச் சந்திக்கும் கோணத்தின் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுகின்றன. அந்த இறக்கை முதலில் ஸ்டாலாக, விமானம் அந்தப் பக்கமாகவே புரண்டு சுழலத் தொடங்குகிறது. சுழற்சியிலிருந்து மீளப் பல நூறு அடி வேண்டும், சில சமயம் ஆயிரம். இருப்பதோ ஐந்நூறு.

சாய்த்துத் திரும்புவதும் இலவசமல்ல. நேராகப் பறக்கையில் இந்த விமானம் சுமார் 48 நாட்டில் ஸ்டாலாகும். உயரம் குறையாமல் 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் அது 52 ஆகும். 60 டிகிரியில் 68. இறங்க வரும் வேகமோ 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர்தான்! இறக்கையைக் கைவிட வைப்பது வேகமல்ல, கோணமே என்று வொல்ஃப்காங் லாங்கெவீஷே என்ற விமானி 1944-லேயே ஒரு புத்தகம் முழுக்க எழுதினார். ஆனாலும் விமானிகளின் கண் வேகமானியையே தேடுகிறது.

மருந்து எளிது: திருப்பத்தை விட்டுவிட்டு, எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்து மேலே ஏறி, இன்னொரு சுற்று வருவது. செலவு சில நிமிடமும் கொஞ்சம் பெட்ரோலும். கூடவே, கீழே நின்று பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். என் கணக்கில் கூச்சத்தின் விலைதான் அதிகம்.

அந்த ஊதலில் ஒரு விசித்திரம் உண்டு. நன்றாக இறங்கும்போதும் அது ஒலிக்கும். சக்கரம் தரையைத் தொடும் முன், அரையடி உயரத்தில், இறக்கை கடைசியாகக் காற்றை விடும் நொடியில் கேட்கும் 'பீ'க்காகவே பயிற்சி விமானிகள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.