மத்தியானப் பேய்: கவனச் சிதறல் பற்றி ஒரு பழைய குறிப்பு

"போனைத் தூக்கிப் போட்டாத்தான் ஜெபிக்க முடியும்" என்ற பேச்சை இப்போது சபைகளில் அடிக்கடி கேட்கிறேன். போனில் வேதாகமத்தைத் திறக்கிறோம். இரண்டு வசனம் தாண்டுவதற்குள் மேலே ஒரு வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்க்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனால் கிரிக்கெட் ஸ்கோர், யார் வீட்டுக் கல்யாண போட்டோவோ ஒன்று, அப்படியே அரை மணி நேரம் போயே போச்சு. எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

என் கேள்வி வேறு. போனே இல்லாத, ஊர் சத்தமே கேட்காத ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தால் மனசு நிற்குமா? இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 4-ஆம் நூற்றாண்டில் வீடு, சொத்து, உறவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு எகிப்தின் பாலைவனத்துக்குப் போன கிறிஸ்தவத் துறவிகள். அங்கே என்ன நடந்தது என்பதை அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

மார்த்தாளின் சொல்

அதற்கு முன் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் இயேசு மார்த்தாளின் வீட்டுக்கு வருகிறார். மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்கிறாள். மார்த்தாள் வேலையில் மூழ்கியிருக்கிறாள். அவள் நிலையைச் சொல்ல லூக்கா பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல் 'பெரிஸ்பாவோ'. நாலா பக்கமும் இழுக்கப்படுவது என்று பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பில் அது வருத்தம் என்று வருவதால் இந்த 'இழுபடுதல்' நம் காதில் விழுவதில்லை. பவுல் 1 கொரிந்தியர் 7:35-இல் இதே வேரிலிருந்து பிறந்த எதிர்ச்சொல்லைப் பயன்படுத்துகிறார்: இழுபடாமல் கர்த்தரோடு இருப்பது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மார்த்தாளை இழுத்தது கெட்ட காரியம் எதுவும் இல்லை. இயேசுவுக்குச் சமைக்கும் வேலைதான் அவளை இயேசுவிடமிருந்து இழுத்தது. இந்த இடத்துக்குப் பிறகு திரும்பி வருவோம்.

காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை

எவாக்ரியுஸ் என்பவர் கான்ஸ்டான்டிநோபிளில் பேர் பெற்ற திருச்சபைப் பணியாளர். அதையெல்லாம் விட்டு எகிப்துக்குப் போய், 399-இல் இறக்கும் வரை பாலைவனத்திலேயே வாழ்ந்தார். மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டாகப் பிரித்து எழுதியவர் இவர்தான். பின்னாளில் 'ஏழு தலையான பாவங்கள்' என்று ஆனது இந்தப் பட்டியலிலிருந்து வந்ததே.

அந்த எட்டில் மிகக் கொடியது என்று அவர் சொல்வது 'அகேடியா'. இதைச் சோம்பல் என்று மொழிபெயர்ப்பது போதாது. மனம் ஓரிடத்தில் ஒட்டாமல், செய்வது எதிலும் ருசியில்லாமல் அலைவது அது. 91-ஆம் சங்கீதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் மத்தியானப் பேய் இதுதான் என்று துறவிகள் அடையாளம் கண்டார்கள்.

அது எப்படி வரும் என்று எவாக்ரியுஸ் சொல்வதை என் வார்த்தையில் சொல்கிறேன். காலை பத்து மணிவாக்கில் ஆரம்பிக்கும். மதியம் இரண்டு வரை விடாது. சூரியன் நகரவே நகராதது போல இருக்கும். ஒரு பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றும். துறவி ஜன்னலைப் பார்ப்பான். வெளியே வந்து, சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெயிலைப் பார்ப்பான். யாராவது வருகிறார்களா என்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்ப்பான். பிறகு இந்த இடமே பிடிக்காமல் போகும். இங்கே யாருக்கும் அன்பே இல்லை, வேறு ஊருக்குப் போனால் நன்றாக இருக்கும், கடவுளை எங்கிருந்து வேண்டுமானாலும் கும்பிடலாமே என்று எண்ணம் ஓடும்.

ஜன்னல் இருந்த இடத்தில் இன்று போன். அவ்வளவுதான் வித்தியாசம். இழுக்கும் கயிற்றின் ஒரு முனை எப்போதும் நமக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. போனைத் தூக்கிப் போட்டால் மறுமுனை மட்டும்தான் அவிழும்.

நல்ல வேஷத்தில் வருவது

எவாக்ரியுஸின் வழியில் வந்தவர் யோவான் காசியன். எகிப்துத் துறவிகளோடு வாழ்ந்துவிட்டு, இன்றைய பிரான்சின் மார்செய் நகரில் மடங்களை நிறுவியவர். அகேடியாவின் ஒரு தந்திரத்தை அவர் காட்டிக்கொடுக்கிறார். அது துறவியிடம் 'ஜெபத்தை விடு' என்று நேரடியாகச் சொல்லாது. 'தூரத்தில் ஒரு சகோதரன் உடம்பு சரியில்லாமல் கிடக்கிறான், போய்ப் பார்க்க வேண்டாமா? ஆதரவில்லாத அந்தப் பக்தியுள்ள அம்மாவுக்கு உதவ வேண்டாமா? சும்மா அறையில் உட்கார்ந்து என்ன பிரயோஜனம்?' என்று கேட்கும். எல்லாம் நல்ல காரியம்! ஆனால் அந்த நேரத்தில் அது தப்பித்து ஓடும் வழி. மார்த்தாளின் சமையலறை மாதிரி.

நம் காலத்துக்கு மிகப் பொருத்தமான எச்சரிக்கை இதுதான் என்று நினைக்கிறேன். காலையில் எழுந்ததும் பத்துக் குழுக்களில் வசனப் படம் வருகிறது. ஆமென் போட்டு மற்ற குழுவுக்கு அனுப்புகிறோம். ஒரு நிமிடப் பிரசங்கத் துண்டு ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக வருகிறது. எந்தப் போதகர் சொன்னது சரி என்று கமெண்டில் சண்டை. எல்லாமே கடவுளைப் பற்றியது. ஆனால் கடவுளோடு ஒரு நிமிடமும் இல்லாமல் நாள் முடிந்துவிடலாம். சினிமா வீடியோ பார்த்தால் உறுத்தலாவது இருக்கும். இதில் அதுவும் இருக்காது.

அவர்கள் வைத்திருந்த மருந்து

முதலாவது, ஒரே ஒரு வசனம். காசியனுக்கு ஐசக் என்ற மூத்த துறவி கற்றுக்கொடுத்தது இது. மூத்தவர்களை அவர்கள் 'அப்பா' என்றே அழைத்தார்கள். அரமேயச் சொல், தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. அப்பா ஐசக் தேர்ந்தெடுத்தது 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். கடவுளே, எனக்கு உதவ சீக்கிரம் வாரும் என்கிற சின்ன வேண்டுதல். பசித்தாலும், தூக்கம் வந்தாலும், கோபம் வந்தாலும், வேலை செய்யும்போதும், பயணத்திலும் அதே வசனம். கத்தோலிக்கத் திருச்சபையின் நேர ஜெபங்கள் இன்றும் இந்த வசனத்தோடுதான் தொடங்குகின்றன. நூறு வசனத்தை அனுப்புவதும் ஒரு வசனத்தை நாள் முழுக்க வைத்திருப்பதும் வேறு வேறு பழக்கம்.

இரண்டாவது, கைக்கு வேலை. அந்தோணியார் இதே சலிப்பில் தவித்தபோது ஒரு காட்சி கண்டதாகச் சொல்வார்கள். தன்னைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து ஓலை பின்னுகிறார், எழுந்து ஜெபிக்கிறார், மறுபடி உட்கார்ந்து பின்னுகிறார். அதுதான் பாடம். நகரத்துக்கு வெகு தூரத்தில் இருந்த அப்பா பவுல் என்பவர், விற்க வழியில்லாவிட்டாலும் தினமும் ஓலை வேலை செய்து, வருஷக் கடைசியில் குகை நிறைந்ததும் எல்லாவற்றையும் எரித்துவிடுவாராம். வருமானத்துக்காக அல்ல, மனசு ஓரிடத்தில் நிற்பதற்காக. கீரை ஆய்வது, பாத்திரம் துலக்குவது எல்லாம் நமக்கு அந்த ஓலைதான்.

மூன்றாவது, மனசை நிறுத்தப் பார்க்காதே என்பது. இதைச் சொன்னவர் அப்பா மோசே. தண்ணீர் ஓடும் வரை ஆலைக்கல் சுற்றிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்த முடியாது. ஆனால் கோதுமை போடுவதா, களைவிதை போடுவதா என்பது ஆலைக்காரன் கையில். எண்ணம் வந்துவிட்டதே என்று குற்ற உணர்வில் உழல்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். எண்ணம் வருவது தோல்வி அல்ல. கல் சுற்றுகிறது, அவ்வளவுதான். அடுத்த பிடி தானியம் எது என்பதே கேள்வி.

ஒரு நிஜமான வித்தியாசம்

எல்லாம் பழசுதான் என்று சொல்லி முடித்துவிட முடியாது. துறவியின் ஜன்னல் அவன் எத்தனை தடவை எட்டிப் பார்த்தான் என்று கணக்கு வைக்கவில்லை, அதை வைத்து யாரும் சம்பாதிக்கவும் இல்லை. நம் ஜன்னல் இரண்டையும் செய்கிறது. இன்னொன்று, அவன் வெயிலைப் பார்த்துப் பார்த்துச் சலித்தாலும் மூன்று மணி என்று ஒன்று வந்தது. சாப்பாடு வந்தது, பேய் போனது. நம் திரையில் மூன்று மணி வருவதே இல்லை. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே முடிவை நாம்தான் வைக்க வேண்டும்.

பாலைவனத்துக்குப் போக முடியாத, பிள்ளையும் வேலையும் உள்ளவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லக்கூடியது சின்னது. காலையில் காகிதத்தில் அச்சான வேதாகமம். அதில் ஒரே ஒரு வசனம். அது மனசில் நிற்கும் வரை போன் அடுத்த அறையில். பிறகு அந்த வசனத்தோடு பஸ்ஸிலும் அடுப்படியிலும் இருப்பது. சிதறினால் திட்டிக்கொள்ளாமல் திரும்புவது.

கவனம், ஜெபம் இரண்டுக்கும் கிரேக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே ஓசையுள்ள சொற்கள்: ப்ரோசொகே, ப்ரோஸெவ்கே. ஜெபத்தைத் தேடிப் போகும் கவனம் ஜெபத்தைக் கண்டுகொள்ளும் என்பது எவாக்ரியுஸின் கருத்து. அப்படியானால் சிதறிய மனசை ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொண்டுவரும் அந்தச் சின்ன முயற்சியிலேயே ஜெபம் தொடங்கிவிடுகிறது. ஒரு நாளில் ஐம்பது தடவை சிதறினால், ஐம்பது தடவை திரும்பலாம்.