களி ஏன் காத்திருக்க வேண்டும்?

சாம்பியன் ரீப்ஸ் உள்ளிட்ட கோலார் வட்டாரத்தில் ராகிக் களியை மெல்லுவதில்லை. குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவார்கள். எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு இது ஆகாது. ஏன்?

'ஸ்லீவ்' எனும் எடைக் குறைப்பு அறுவையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் நீக்கப்படுகிறது. மிஞ்சும் குறுகிய குழாய் தொடக்கத்தில் 100 முதல் 150 மில்லிலிட்டர்தான் கொள்ளும். மெல்லாத உருண்டை அதில் அடைத்துக்கொண்டால் வலி, வாந்தி. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் பகுதியும் போய்விடுவதால் பசியும் மங்கும்.

அறுவைக்குப் பின் உணவுக்கு எப்படிப் பழகுவது? முதலில் மோர், பருப்புத் தண்ணீர். சில வாரங்களில் மசித்தது. பிறகே மென்று தின்பது. தட்டில் முட்டை, மீன், பருப்புக்கே முதலிடம், களி கடைசி. தண்ணீர், சாப்பிட்டு அரை மணி கழித்து. பசி குறைந்தாலும் சத்துத் தேவை குறையாது. பி12, இரும்புச்சத்து மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும்.