கொங்கு மண்ணில் ரோமாபுரிப் பேரன்கள்

வாடிப்பட்டியில் முப்பது வருஷம் அடகுக்கடையில் நகை மதிப்பீடு பார்த்தவன் நான். கொலுசோ அரைஞாணோ, எது வந்தாலும் முதலில் கை எடை பார்க்கும், பிறகு உரைகல். ரோமானிய வெள்ளிக்காசைப் பற்றிப் படிக்கும்போதும் அதே புத்திதான். தெனாரியஸ் என்று பெயர். 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதாவது அரைப் பவுன் எடைகூட இல்லை. ஆனால் வெள்ளி ஏறக்குறையச் சுத்தம்.

கொங்கு நாட்டுப் புதையல்களில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டே அச்சுகள். ஒன்று அகஸ்டஸ் பேரரசருடையது. முன்பக்கம் இலைமாலை சூடிய தலை. பின்பக்கம் கேயஸ், லூசியஸ் என்ற இரண்டு பையன்கள், நடுவில் கேடயமும் ஈட்டியுமாக நிற்கிறார்கள். மகள் வயிற்றுப் பேரன்கள். சுவீகாரம் எடுத்து வாரிசாக்கியிருந்தார். எனக்குப் பின் இவர்கள்தான் என்று ஊர் உலகத்துக்குச் சொல்ல, இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அடித்த காசு. லூசியஸ் கி.பி. 2இல் இறந்தான், கேயஸ் கி.பி. 4இல். அரியணை ஏறாத பிள்ளைகள் கப்பலேறி வந்து நம் மண்ணுக்குள் பானையில் கிடந்திருக்கிறார்கள்.

இன்னொன்று அடுத்து ஆண்ட திபேரியஸுடையது. பின்பக்கம் கிளையும் செங்கோலும் ஏந்தி உட்கார்ந்திருக்கும் பெண். அவருடைய தாய் லிவியா என்பார்கள்.

இந்தக் காசுகளை வாங்கிக்கொண்டு மிளகு விற்ற நம்மாளுக்கு அதிலிருக்கும் லத்தீனா தெரியும்? அவருக்கு அந்த உருவம் ஹால்மார்க் முத்திரை மாதிரி. கி.பி. 64இல் பேரரசர் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தார். அதற்குப் பிந்தைய வெள்ளிக்காசு இங்கே அபூர்வம். நம்மாள் ஏமாறுகிற ஆளா!

புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் கிடைத்த 501 ரோமானியத் தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றில் ராஜா முகத்தின் மேலேயே உளிவெட்டு. இனி இது காசில்லை, வெறும் தங்கம் என்பதற்கான வெட்டு என்கிறார்கள்.

எங்கள் வைகை மணலில் அகப்பட்டவை பிற்கால ரோமானியச் சின்னச் செப்புக்காசுகள். கரூர்க் காசுகளோடு சேர்த்து அவற்றை ஆராய்ந்து நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் புத்தகமே போட்டார். கரூர் அமராவதி ஆற்றில்தான் ஒரு சேரர் வெள்ளிக்காசும் கிடைத்தது: ரோமானியக் காசில் இருப்பதுபோல ஒரு தலை, மேலே தமிழி எழுத்தில் 'மாக்கோதை'. பின்பக்கம் வெறுமை. வெள்ளியிலும் கலப்பு. என் கடைக்கு வந்திருந்தால் மாற்றைக் குறைத்துத்தான் போட்டிருப்பேன்.