உங்களுக்குத் தெரியுமா? – மாநிற முகத்தில் மறைந்திருக்கும் ரோசேசியா

போர்ட் கிள்ளான் வெயிலில் நடந்தால் யார் முகமும் சூடாகும். நிழலுக்கு வந்ததும் ஆறிவிடும். அந்தச் சூடு ஆறாமல் கன்னத்திலும் மூக்கிலும் தங்கி, எரிச்சலும் சிறு பருக்களுமாக அடிக்கடி திரும்பி வந்தால் அது ரோசேசியாவாக இருக்கலாம். இது நெடுநாள் நீடிக்கும் தோல் அழற்சி. அடியோடு போக்க மருந்து இல்லை என்றாலும் நன்றாக அடக்கி வைக்கலாம். அதற்கு உதவும் செய்திகள் இதோ.

1. வெள்ளைத் தோலுக்கு மட்டும் உரியதல்ல
உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கணக்குப்படி, வயது வந்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 5 பேருக்கு ரோசேசியா உண்டு. மாநிறத்திலும் கருநிறத்திலும் செம்மை பளிச்சென்று தெரியாது. மங்கிய பழுப்பாகவோ ஊதாவாகவோ தோன்றும். அதனாலேயே நம்மவர்களிடம் இது காலம் தாழ்ந்து கண்டுபிடிக்கப்படுகிறது. நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுள்ளென்ற எரிச்சல், குத்தல், வறட்சி, புதிய கிரீம் எதைப் பூசினாலும் காந்துவது ஆகியவைதான் நம் தோலில் முதலில் தெரியும் அடையாளங்கள்.

2. பருவுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?
இளமைப் பருவில் கரும்புள்ளிகள் இருக்கும், ரோசேசியாவில் இருக்காது. இது பெரும்பாலும் 30 வயதுக்குப் பிறகே தலைகாட்டும். பரு என்று எண்ணி உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் ஸ்கிரப்பால் தேய்த்தால் அழற்சி கூடும்.

3. லூபஸ் நோயோடும் குழம்பும்
லூபஸ் நோயிலும் இரு கன்னங்களும் சிவக்கும். ஆனால் மூக்கின் ஓரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்பை லூபஸ் பெரும்பாலும் தொடாது, சீழ்ப்பருக்களும் வராது. முகச் சிவப்போடு மூட்டு வலி, காய்ச்சல், வாய்ப்புண் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். இரத்தச் சோதனை தேவைப்படலாம்.

4. மிளகாய்க்கும் சூட்டுக்கும் ஒரே பொத்தான்
நம் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற உணர்வுப் புரதம் இருக்கிறது. 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு அதைத் தூண்டும். மிளகாயின் கேப்சைசினும் தூண்டும். மிளகின் காரமும் தூண்டும். இதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரோசேசியா உள்ள தோலில் இந்த வகைப் புரதங்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன. கொதிக்கும் மிளகு ரசம் குடித்த சில நிமிடங்களில் முகம் பற்றிக்கொண்டு எரிவது இதனால்தான்.

5. காப்பியா, காப்பியின் சூடா?
1981இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் வில்கின் ஒரு சோதனை செய்தார். 60 பாகைச் சூட்டில் காப்பி குடித்தவர்களின் முகம் சிவந்தது. அதே சூட்டில் வெந்நீர் குடித்தபோதும் சிவந்தது. ஆறிய காப்பி சிவக்க வைக்கவில்லை. 82,737 அமெரிக்கத் தாதியரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்விலோ, நாளுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ காப்பி குடித்தவர்களிடம் ரோசேசியா குறைவாகவே இருந்தது. எனவே தே தாரிக்கையும் கோப்பி-ஓவையும் துறக்க வேண்டியதில்லை. ஆறவிட்டுக் குடியுங்கள்.

6. வாழை இலையில் எதைக் குறைப்பது?
பிரிக்பீல்ட்சிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ இலை போட்டு உட்கார்ந்தால், மிளகாய் வறுவலையும் சம்பலையும் ஓரம் தள்ளுங்கள். சோற்றையும் ரசத்தையும் வெதுவெதுப்பாக உண்ணுங்கள். தயிர், மோர், கீரை, பூசணி, தேங்காய் சேர்ந்த கூட்டு ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும். சீரகமும் கறிவேப்பிலையும் மணம் தரும். ருசிக்காகக் காரத்தைக் கூட்ட வேண்டிய தேவை இருக்காது.

7. பட்டையும் சிலருக்கு ஆகாது
கறுவாப்பட்டையின் மணப்பொருள் டிஆர்பிஏ1 என்ற வேறொரு உணர்வுப் புரதத்தைத் தூண்டும். மசாலா தேநீரிலும் பிரியாணியிலும் பட்டை உண்டு. 2024இல் மலேசியாவின் தேசிய மரபு உணவுப் பட்டியலில் சேர்ந்த கிள்ளான் பாக் குட் தேயிலும் உண்டு. அது ஆவி பறக்கவே பரிமாறப்படும். சூடும் பட்டையும் சேரும்போது எவருக்கு முகம் எரிகிறதோ அவர் மட்டும் விலக்கினால் போதும்.

8. எல்லாருக்கும் ஒரே பத்தியம் கிடையாது
அமெரிக்காவின் தேசிய ரோசேசியா சங்கம் 1,066 நோயாளிகளைக் கேட்டது. வெயில் தூண்டுவதாக 81 விழுக்காட்டினர் சொன்னார்கள். மன அழுத்தம் 79, வெக்கை 75, மது 52, கார உணவு 45 விழுக்காடு. பாதிக்கும் மேற்பட்டோர் காரத்தைக் குறை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் நான்கு வாரம் எழுதி வையுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் வெயிலில் நின்றீர்கள், எப்போது எரிந்தது. உங்கள் பத்தியத்தை அந்தக் குறிப்பேடு சொல்லும். காரணமில்லாமல் உணவை விலக்கி உடம்பை வாட்ட வேண்டாம்.

9. சிவப்பழகு கிரீம் செய்யும் கேடு
இந்தியாவின் பல ஊர்களில் முகத்தோல் கோளாறோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011இல் ஓர் அறிக்கை வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு கிரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். ஸ்டீராய்டு முதல் வாரங்களில் முகத்தைத் தெளிவாக்கும். பிறகு தோலை மெலியவைத்து, ரோசேசியா போன்ற சிவப்பையும் பருக்களையும் கிளப்பும். நிறத்துக்கு ஆசைப்பட்டு நம் பிள்ளைகள் இந்த வலையில் விழுவது வேதனை. மாதக்கணக்கில் பூசியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். எரிச்சல் பன்மடங்காகத் திரும்பும். மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

10. டப்பாவில் எண் இருக்கிறதா?
மலேசியாவில் விற்கும் முகப்பூச்சுகளுக்கு ‘நாட்’ என்று தொடங்கி ‘கே’ என்று முடியும் அறிவிப்பு எண் உண்டு. மருந்துகளுக்கும் சத்து மாத்திரைகளுக்கும் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் உண்டு. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏவின் இணையத்தளத்தில் எண்ணைச் சரிபார்க்கலாம். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் கலந்த முகப்பூச்சுகளின் அறிவிப்பை அந்நிறுவனம் அவ்வப்போது ரத்து செய்கிறது. பாசார் மாலாமில் எண்ணில்லாத டப்பாவை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

11. மண்ணிலிருந்து வந்த மருந்து
எல்லாருடைய முகத்திலும் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிகள் வாழ்கின்றன. ரோசேசியா உள்ளவர்களிடம் அதிகம். ஐவர்மெக்டின் 1 விழுக்காடு கிரீம் உண்ணிகளைக் குறைத்து அழற்சியையும் தணிக்கும். அமெரிக்கா 2014இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. இம்மருந்தின் மூலம், ஜப்பானின் கவானா பகுதி மண்ணில் அறிவியலாளர் சதோஷி ஓமுரா கண்டெடுத்த ஒரு நுண்ணுயிர். அவருக்கும், இம்மருந்தை உருவாக்குவதில் பங்காற்றிய வில்லியம் காம்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. முழுப் பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். கால்நடைக்கான ஐவர்மெக்டினை ஒருபோதும் பூசாதீர்கள்.

12. நம் நிறத்துக்கு இரட்டைப் பயன்
கோதுமையிலும் பார்லியிலும் இயற்கையாக உள்ள அசிலாயிக் அமிலம், 15 விழுக்காடு ஜெல்லாக ரோசேசியாவுக்குத் தரப்படுகிறது. பருக்களைத் தணிப்பதோடு, அவை விட்டுச்செல்லும் கறுப்புத் தழும்பையும் மங்கச் செய்வதால் மாநிறத்தவருக்கு ஏற்ற மருந்து. முதல் சில நாள் லேசாகக் குத்தலாம்.

13. மாத்திரையோடு பால் வேண்டாம்
பருக்கள் அதிகமானால் மருத்துவர் டாக்ஸிசைக்ளின் தருவார். 40 மில்லிகிராம் அளவில் அது கிருமியைக் கொல்வதற்காக அல்ல, அழற்சியைத் தணிக்கவே. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் பாலும் அது உடம்பில் சேருவதைக் குறைக்கும்; இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள். இம்மருந்தால் வெயில் கூடுதலாகச் சுடும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

14. துத்தநாகம் பலன் தருமா?
2006இல் ஈராக்கில் நடந்த சிறு ஆய்வில் துத்தநாக மாத்திரை நல்ல பலன் தந்தது. 2012இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. எனவே தோலுக்காக மட்டும் அதற்குக் காசு செலவிடுவது வீண். நெடுநாள் அதிக அளவு சாப்பிட்டால் உடம்பில் செம்புச் சத்தும் குறைந்துவிடும்.

15. பி வைட்டமினில் கவனம்
நிக்கோட்டினிக் அமிலம் வடிவிலான பி3 மாத்திரை, நல்ல தோலையே சிவந்து எரியவைக்கும். அதே பி3யின் மற்றொரு வடிவமான நியாசினமைடு அப்படிச் செய்யாது. முகக் கிரீமில் அது தோலின் காப்பு அடுக்கை வலுப்படுத்தும். அதிக அளவு பி6, பி12 சிலருக்குப் பருக்களைக் கிளப்பியிருக்கின்றன. சத்து மாத்திரை தொடங்கிய பிறகு முகம் மோசமானால், அந்தப் போத்தலையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

16. பாட்டி வைத்தியத்தில் எதைத் தவிர்ப்பது?
ஆவி பிடித்தல், எலுமிச்சைச் சாறு, கடலைமாவுத் தேய்ப்பு, கோடாலித் தைலம், கற்பூரம், புதினா எண்ணெய் ஆகிய எதையும் ரோசேசியா முகத்தில் வைக்காதீர்கள். மணமில்லாத மென்மையான கிளென்சரால் வெதுவெதுப்பான நீரில் விரல் நுனியால் கழுவி, ஒற்றித் துடைத்து, மணமில்லாத மாய்ஸ்சுரைசர் பூசுங்கள். புதிய பொருள் எதையும் முதலில் கழுத்தோரம் சில நாள் பூசிப் பாருங்கள்.

17. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு அருகே
கிள்ளான் ஏறத்தாழ 3 பாகை வடக்கில் இருக்கிறது. நண்பகலில் புற ஊதாக் குறியீடு 10ஐத் தாண்டுவது வழக்கம். துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டைஆக்சைடு உள்ள, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பெரும்பாலும் காந்தாது. வெள்ளைப் படலம் பிடிக்கவில்லையென்றால் மாநிறம் சேர்த்த வகையை வாங்குங்கள். துறைமுகத்தில் திறந்தவெளியில் உழைப்பவர்கள் அகல விளிம்புத் தொப்பியும் கழுத்துக்கு நனைத்த துண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

18. கண்ணையும் தாக்கும்
நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல், அடிக்கடி கண்கட்டி, இமையோரச் சிவப்பு வருகின்றன. இதற்காக ஒமேகா 3 மாத்திரையைக் கேட்டு வாங்குவோர் பலர். ஆனால் உலர் கண்ணுக்கு அது ஆலிவ் எண்ணெயைவிட மேல் அல்ல என்று 2018இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. வாரத்துக்கு இரண்டு முறை கெம்போங் அல்லது மத்தி மீன் உண்பது நல்லது. பார்வை மங்கினாலோ வெளிச்சம் கூசினாலோ கண் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

19. மூக்கைப் பார்த்துக் குடிகாரர் என்னாதீர்கள்
ரோசேசியா முற்றினால் மூக்கு தடித்து முண்டும் முடிச்சுமாகும், ஆண்களுக்கு அதிகம். ஓவியர் கிர்லாந்தையோ 1490ஐ ஒட்டி வரைந்த, பாரிஸ் லூவரில் இருக்கும் முதியவர் ஓவியத்தில் இந்த மூக்கைக் காணலாம். ஒரு சொட்டு மது தொடாதவருக்கும் இது வரும். அவரை ஏளனம் செய்வது நோயோடு அவமானத்தையும் சேர்த்துச் சுமக்க வைப்பதாகும். அறுவையாலும் லேசராலும் மூக்கைச் சீராக்க முடியும்.

20. எங்கே தொடங்குவது?
குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணம். தேவைப்பட்டால் அங்கிருந்தே தோல் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். முகம் எரியும் நாளில் நல்ல வெளிச்சத்தில், கருநீலத் துணி பின்னணியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மாநிறத்தில் சிவப்பு அப்போது தெளிவாகத் தெரியும். படம், குறிப்பேடு, பூசும் கிரீம்கள், விழுங்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். “சிவந்திருக்கிறது” என்று மட்டும் சொல்லாமல் “எரிகிறது, சூடாகிறது, குத்துகிறது” என்று விளக்கிச் சொல்லுங்கள். மருத்துவர் சரியான நோயைத் தேட அது வழிகாட்டும்.