உயர்த்திய கட்டில்: முதலில் அளந்து பாருங்கள்

8 அடிக்கு 10 அடி அறையில் 6 அடிக்கு 3 அடிக் கட்டிலைப் போட்டால் 80 சதுர அடியில் 18 போய்விடும். அதையே 5 அடி உயரக் கால்களில் நிறுத்தினால், கீழே படிப்பு மேசையும் புத்தக அலுமாரியும் அடங்கும். இடம் மிச்சம்தான், ஆனால் நம் வீடுகளில் தலைக்கு மேலே மின்விசிறி சுழல்கிறதே! சீலிங் 9 அடி என்றால், மெத்தையில் எழுந்து உட்காரும் பிள்ளையின் தலை விசிறி இறக்கைகளை நெருங்கிவிடும். கையை நீட்டினால் சொல்லவே வேண்டாம். விசிறியைச் சுவருக்கு மாற்றிய பிறகே ஓடாவியை அழையுங்கள்.

பக்கத் தடுப்பு மெத்தைக்கு மேல் குறைந்தது 5 அங்குலமாவது எழ வேண்டும். தடித்த மெத்தை அந்த உயரத்தை விழுங்கிவிடும். 6 வயது நிரம்பாதோருக்கு மேற்கட்டில் கூடாது என்கிறது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு. சின்னத் தங்கை இதையெல்லாம் கேட்கமாட்டாள்; ஏணியைப் பகலில் கழற்றி வைக்கக்கூடியதாகச் செய்வியுங்கள்.