ஆபத்துக்காலத்துப் பயிர்கள் – 7: மூழ்கிய நெல்லின் நிதானம்

வறட்சியில் வாடும் பயிர் தன் இலைத்துளைகளை மூடிக்கொண்டு நாட்களைக் கடத்தும் விந்தையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு நேர் விரோதமான ஆபத்து, ஜலப் பெருக்கினால் வருவது. நெல்லோ நீரிலேயே நின்று வளரும் பயிராயிற்றே, அதற்கு வெள்ளத்தால் என்ன கேடு வந்துவிடும் என்று பட்டணத்து வாசகர்கள் எண்ணக்கூடும். ஆனால் ஐப்பசி அடைமழையில் வடிகால் எதிர்த்து ஏறி, நட்டுச் சில வாரங்களே ஆன சம்பாப் பயிர் தலைகாட்டாமல் கிடப்பதை வரப்பில் நின்று பார்த்த காவிரிப் படுகைக் குடியானவருக்கு, வேர் நீரில் நிற்பது வேறு, குருத்து நீரில் மூழ்குவது வேறு என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நெற்பயிரின் இலையுறையிலும் தண்டிலும் வேரிலும் நுண்ணிய காற்றறைகள் தொடர்ச்சியாக அமைந்திருக்கின்றன. இலை நுனி விரற்கடை அளவு நீருக்கு வெளியே நின்றாலும், ஆகாயத்திலுள்ள பிராணவாயு அவ்வழியே இறங்கிச் சேற்றுக்குள் புதைந்திருக்கும் வேரை எட்டிவிடும். பயிர் முழுதும் அமிழ்ந்துவிட்டாலோ அந்த மார்க்கம் அடைபடுகிறது. வாயுக்கள் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவும் வேகம் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே சுவாசத்துக்கு வேண்டிய பிராணவாயுவும், உணவு ஆக்கிக்கொள்ள வேண்டிய கரியமில வாயுவும் வந்து சேர்வது அரிதாகிறது. வெள்ளம் கலங்கலாக இருந்துவிட்டால் வெயிலும் உள்ளே இறங்காது.

இத்தனைக்கும் பயிர் உடனே மாண்டுவிடுவதில்லை. தெளிந்த நீரில் மூழ்கியிருக்கும் நெல்லிலையைக் குனிந்து நோக்கினால், அதன் இரு புறமும் வெள்ளியாய் மினுங்குவதைக் காணலாம். இலையின் மேலுள்ள மெழுகும் மயிரிழை போன்ற வரிகளும் நீரை ஒட்டவிடாமல் தள்ளுவதால், இலைக்கும் நீருக்கும் இடையே அகப்பட்டு நிற்கும் மெல்லிய காற்றுப் படலமே அந்த மினுக்கம். அந்தப் படலம் இருக்கும் வரையில் இலை ஒருவாறு மூச்சு விடுகிறது. சில நாட்களில் மெழுகு நலிந்து, அங்கங்கே திட்டுத் திட்டாக நீர் ஒட்டிக்கொண்டு, வெள்ளி மறைந்து, இலை வெறும் ஈரப் பச்சையாகத் தோற்றமளிக்கத் தொடங்கும்போதுதான் மெய்யான கஷ்டகாலம் ஆரம்பமாகிறது.

தான் மூழ்கிவிட்டதைப் பயிர் எவ்வாறு அறிகிறது? கண்ணில்லாத அந்த ஜீவனுக்குச் செய்தி சொல்வது எதிலீன் என்னும் வாயு. 1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து டிமிட்ரி நெல்யுபோவ் என்பவர், தம் பரிசோதனைச் சாலையில் பட்டாணி நாற்றுகள் நிமிராமல் படுத்து வளர்வதன் காரணத்தைத் துருவிப் பார்த்து, விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எதிலீனே அதைச் செய்கிறது என்று வெளியிட்டார். செடிகள் தாமே அந்த வாயுவை உற்பத்தி செய்கின்றன என்பதும், காய் கனிவதுகூட அதன் தூண்டுதலால்தான் என்பதும் பிற்காலத்தில் தெளிவாயின. காற்றில் நிற்கும் பயிரிலிருந்து அது ஓயாமல் கசிந்து போய்க்கொண்டிருக்கும். நீர் சூழ்ந்ததும் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கிவிடுகிறது. அந்தத் தேக்கமே எச்சரிக்கை.

விசேஷம் என்னவென்றால், இந்த ஒரே எச்சரிக்கைக்கு நெல் வகைகள் இரண்டு முரண்பட்ட விடைகளைக் கண்டுவைத்திருக்கின்றன. வங்கதேசத்தின் பள்ளத்தாக்குகளில் மாதக்கணக்கில் ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளம் நிற்கும் நிலங்களில் பயிராகும் ஆழ்நீர் நெல், எதிலீன் தேங்கியதும் கணுக்களின் இடைவெளியை நீட்டிக்கொண்டு, ஒரே நாளில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரையில்கூட உயர்ந்து, ஏறும் வெள்ளத்துக்கு மேலே தலையை நீட்டிவிடுகிறது. இதை நடத்தும் இரு மரபணுக்களை 2009-இல் கண்டுபிடித்த நகோயா பல்கலைக்கழகத்து மோட்டோயூகி அஷிகாரி குழுவினர், முக்குளிப்பவர் மூச்சு விடும் குழாயின் பெயரால் அவற்றுக்கு 'ஸ்நார்க்கல்' என்று நாமகரணம் செய்தார்கள்.

ஆனால் பத்து நாளில் வடிந்துவிடும் திடீர் வெள்ளத்தில் இந்த உபாயம் பலிக்காது. நம் சாதாரண நெல் ரகங்கள் அழிவதே அப்படித்தான்: மேலே எட்டிவிட வேண்டுமென்ற பதற்றத்தில் இருக்கும் மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து இலையை நீட்டி, எட்டவும் முடியாமல், கையிருப்பும் இல்லாமல், வெள்ளம் வடிந்தபின் துவண்டு சேற்றில் சாய்ந்துவிடுகின்றன.

பஞ்சகாலத்தில் குதிர் நெல்லை அளந்து அளந்து எடுக்கும் வீட்டு மூதாட்டியின் குணம் கொண்டது இரண்டாவது வகை. ஒடிசாவின் தாழ்ந்த நிலங்களில் நெடுங்காலமாகப் பயிரான தாள்புட்டியா என்னும் நாட்டு ரகத்திலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13-ஏ என்ற நெல், மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. இரண்டு வாரம் வரை அடங்கிக் கிடந்து, நீர் வடிந்ததும் சேமித்த சத்தைக் கொண்டு புதுக்குருத்து விடுகிறது. இதன் விளைச்சலோ சொற்பம். டேவிட் மாக்கிலும் கெனாங் ஷூவும் அதன் சகிப்புத்தன்மைக்குக் காரணமான இடம் ஒன்பதாம் குரோமோசோமில் இருப்பதாக 1996-இல் காட்டினார்கள். பமேலா ரொனால்டு, ஜூலியா பெய்லி-செர்ரெஸ் ஆகியோரும் சேர்ந்து உழைத்ததன் பயனாக, அங்கே உள்ள 'சப்-1ஏ' மரபணுவே மூலகாரணம் என்பது 2006-இல் நிரூபணமாயிற்று. ஜிப்பெரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கி இட்ட கட்டளை நிறைவேறாதபடி தடுக்கும் புரதங்களை அது பெருக்கி வைக்கிறது. மாவுச்சத்து கரைவதையும் இலைப்பச்சை சிதைவதையும் மட்டுப்படுத்துகிறது. ஸ்நார்க்கல் மரபணுக்களும் இதுவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அவை 'ஓடு' என்கின்றன, இது 'நில்' என்கிறது.

இந்த ஆராய்ச்சியில் பேர் பெற்றவர்களின் பெருமையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. எனினும், வெள்ளம் வடிந்த வயலில் எந்தக் குத்து பிழைத்தது என்று பார்த்து, அதன் கதிரை விதைக்கென்று ஒதுக்கி, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஒடிசாக் குடியானவர்களில் ஒருவர் பெயரும் எந்தச் சாஸ்திரப் பத்திரிகையிலும் ஏறவில்லை என்பது எனக்குச் சம்மதமாக இல்லை.

பிறகு நடந்தது துரிதமாக நடந்தது. ஆந்திரத்து மாருடேருவில் உருவாகிக் கீழ்த்திசை மாநிலங்களெங்கும் பரவியிருந்த 'ஸ்வர்ணா' நெல்லோடு மீண்டும் மீண்டும் ஒட்டுச்சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுக் குறியீட்டைச் சோதித்து, சப்-1 பகுதி மட்டும் புகுந்து மற்றவை ஸ்வர்ணாவாகவே இருக்கும்படி பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் வடித்த 'ஸ்வர்ணா சப்-1', 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. ஒடிசாவில் குடியானவர்களின் வயலிலேயே நடத்திய சோதனையின் முடிவுகள் 2013-இல் வெளிவந்தன: ஒன்றிலிருந்து இரண்டு வாரம் மூழ்கிய வயல்களில் ஆதாயம் தெளிவாக இருந்தது, வெள்ளம் வராத வயல்களில் நஷ்டமும் இல்லை. பள்ளமான, வெள்ளம் முதலில் ஏறுகிற நிலங்கள் பட்டியல் சாதியினர் வசமே அதிகம் இருந்ததால், அவர்களுக்கே பலன் கூடுதலாகச் சேர்ந்தது. விதையின் நன்மை இவ்விதம் கீழிருந்து மேலேறியது, நம் தேசத்தில் அடிக்கடி காணக்கூடிய காட்சியன்று. டெல்டாக்காரர்கள் பொன்மணி என்று அறிந்த சி.ஆர். 1009 ரகத்திலும் இதே மரபணுவைப் புகுத்தி, 'சி.ஆர். 1009 சப்-1' என்ற பெயரில் தமிழகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

வெள்ளம் வடிவதோடு ஆபத்து தீர்ந்துவிடுவதுமில்லை. பல நாள் இருட்டிலும் மூச்சுத் திணறலிலும் கிடந்த இலைமேல் திடீரென்று வெயிலும் பிராணவாயுவும் பாயும்போது திசுக்களைப் பொசுக்கும் ரசாயனப் பொருள்கள் உண்டாகின்றன. நனைந்து நலிந்த இலை, வயலில் நீர் இருக்கும்போதே, வறட்சியில் வாடுவதைப் போலச் சுருளுகிறது. அந்தச் சமயத்திலும் சப்-1ஏ துணைநிற்பதையும், அதனால் அது வறட்சியையும் ஓரளவு தாங்கவைப்பதையும் பெய்லி-செர்ரெஸ் குழுவினர் 2011-இல் காட்டினார்கள்.

சர்வரோக நிவாரணியும் அன்று இது. முழங்கால் அளவு நீர் அறுவடை வரை தேங்கி நிற்கும் வயலில் வளராமல் அடங்கியிருப்பதே பயிருக்குப் பாதகமாகிவிடும். நேரடியாக விதைத்த நிலத்தில் முளைக்குமுன்பே மழை தேங்கினால், அங்கேயும் அடக்கம் உதவாது. முளை தன் மாவுச்சத்தைத் தாராளமாகக் கரைத்துக்கொண்டு நீர்மட்டத்தை எட்டியே தீரவேண்டும். அதற்கு வேண்டிய மரபணு மியான்மரின் 'காவ் ஹ்லான் ஆன்' என்னும் நெல்லில் இருப்பதை 2015-இல் கண்டறிந்தார்கள். முளைப்பருவத்தில் 'செலவழி' என்பதும், இளம்பருவத்தில் 'சேமி' என்பதும் ஒரே செடியில் குடியிருக்க முடியுமா என்ற சந்தேகம் இயற்கையானதே. இந்தோனேசியாவின் 'சிஹெராங்' ரகத்தில் இரண்டையும் சேர்த்து வளர்த்துப் பார்த்ததில், ஒன்று மற்றொன்றின் வேலையில் குறுக்கிடவில்லை.

(தொடரும்)