தலைப்பும் பட்டியலும்: குறிப்புச்சட்டகத்தின் தருக்கம் பற்றிய ஒரு நோக்கு

ஆய்வுக் கட்டுரையொன்றை எழுத முற்படுபவர் முதலிற் குறிப்புச்சட்டகம் ஒன்றை வகுத்துக்கொள்வது வழக்கம். பாடசாலையிற் கட்டுரை எழுதப் பழகிய நாள் முதலாக நாம் அனைவரும் கைக்கொண்டு வரும் முறை இது. எனினும், ஒரு விடயத்தைத் தலைப்பாக நிறுத்துவதா, பிறிதொரு தலைப்பின் கீழ் உபதலைப்பாக அடக்குவதா, பட்டியலில் ஓர் உருப்படியாகச் சேர்ப்பதா என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அழகுக்கும் வசதிக்கும் உரியதாகவே அது கருதப்பட்டு வந்துள்ளது. உண்மையில் ஒன்றன்கீழ் ஒன்றை வைக்கும் ஒவ்வொரு தடவையும் நாம் ஒரு கூற்றை முன்வைக்கின்றோம். ‘ஓர்க்’ எனப்படும் கணனிக் கருவியின் செயற்பாட்டைத் துணையாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

தலைப்புகளையும் உருப்படிகளையும் திரையில் இடம் மாற்றி ஒழுங்கு செய்யும் எண்ணம் புதியதன்று. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில், டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் தம் குழுவினர் உருவாக்கிய கணனி முறைமையை அறிஞர் அவையொன்றின் முன் செய்துகாட்டினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று, வீட்டுக்கு வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியல். கலந்து கிடந்த பொருள்களை அவர் வகைப்பெயர்களின் கீழ்க் கொணர்ந்தார். விவரங்களை மறைத்தும் மீண்டும் விரித்தும் காட்டினார். எழுத்தை வெறும் வரிகளின் தொடராக அன்றி, ஒன்றினுள் ஒன்று அடங்கும் உறுப்புகளின் அமைப்பாகக் கையாளலாம் என்பது அன்று கண்கூடாயிற்று.

ஏறத்தாழ எட்டாண்டுகளின் பின், 1976இல், மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் றிச்சர்ட் ஸ்டோல்மன் முதலியோரின் முயற்சியால் ‘ஈமாக்ஸ்’ என்னும் எழுத்துத் தொகுப்பி உருவாயிற்று. எவரும் பயன்படுத்தவும், கற்கவும், திருத்தவும், பகிரவும் உரிமையுடைய கட்டற்ற மென்பொருளாக அதன் புதிய வடிவம் 1985இல் வெளிவந்தது. அவ்வீமாக்சின் உள்ளே இயங்கும் ஒரு பகுதியே ஓர்க். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வானியலாளரான கார்ஸ்டன் டொமினிக் 2003ஆம் ஆண்டில், தமது குறிப்புகளையும் வேலைகளையும் ஒழுங்குபடுத்தும் பொருட்டு இதனை ஆக்கினார். 2007இல் வெளியான ஈமாக்ஸ் 22ஆம் பதிப்பிலிருந்து அது ஈமாக்சுடன் சேர்த்தே வழங்கப்படுகின்றது. ஓர் ஆராய்ச்சியாளர் தம் தேவைக்காக ஆக்கியது பலரின் கூட்டுழைப்பால் வளர்ந்து பொதுவுடைமையாக நிலைத்தமை மனங்கொள்ளத்தக்கது.

2

ஓர்க்கின் இலக்கணம் எளிமையானது. ஒரு வரியின் தொடக்கத்தில் உடுக்குறியும் அதன்பின் ஓர் இடைவெளியும் இருப்பின் அவ்வரி தலைப்பாகும். உடுக்குறிகளின் எண்ணிக்கையே தலைப்பின் படிநிலை. பட்டியலின் உருப்படி சிறுகோட்டையோ, கூட்டற்குறியையோ, எண்ணையோ கொண்டு தொடங்கும். அதன் படிநிலையை ஓரத்திலிருந்து அது எவ்வளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டுள்ளது என்பதே தீர்மானிக்கும். இக்குறிகள் யாவும் கோப்பிலே சாதாரண எழுத்துகளாகவே கிடக்கின்றன.

இதன் முக்கியத்துவத்தை ஈழத்துத் தமிழ் ஆய்வாளர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டெழுதிச் சேமிக்கப்பட்ட எத்தனையோ பக்கங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணனியிலே பொருளற்ற உரோம எழுத்துகளாகக் காட்சியளிக்கின்றன. எழுத்தின் பொருள் எழுத்தினுள் இராது வேறொரு சாதனத்தில் தங்கியிருந்தமையின் விளைவு அது. ஒருங்குறி எழுத்துகளை அப்பிரச்சினையிலிருந்து விடுவித்தது. எனினும் கட்டுரையின் அமைப்பு ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்கு மட்டும் விளங்கும் வகையிற் புதைந்திருக்குமாயின் அதே தங்கிநிலை வேறு வடிவில் தொடரும். ஓர்க் கோப்பில் அமைப்பும் எழுத்தாகவே இருப்பதால், ஈமாக்ஸ் இல்லாத கணனியிலும், அச்சிட்ட தாளிலும் அதனைக் கண்ணாற் கண்டு அறியலாம்.

3

இனி, திருத்தும் முறையை நோக்குவோம். தலைப்பின் மீது நின்று டாப் விசையை அழுத்தினால் அதன் கீழுள்ளவை மடியும். மீண்டும் அழுத்த, முதலில் உபதலைப்புகளும் பின் முழுமையும் விரியும். மடித்தல் பார்வையை மட்டுமே மாற்றும், கோப்பு மாறுவதில்லை. ஆல்ட் விசையுடன் என்டரை அழுத்தினால், நாம் நிற்கும் இடத்துக்கேற்பப் புதிய தலைப்போ புதிய உருப்படியோ தோன்றும். ஆல்ட் விசையுடன் மேல், கீழ் அம்புக்குறிகள் ஒரு தலைப்பை அதன் கிளை முழுவதோடும் முன்பின்னாக நகர்த்தும். அதே விசையுடன் வலது அம்புக்குறி தலைப்பை ஒருபடி கீழிறக்கும். இடது அம்புக்குறி ஒருபடி உயர்த்தும்.

நம் வாசகர் நன்கறிந்த பொருளொன்றை உதாரணமாகக் கொள்வோம். மலையகப் பெருந்தோட்டங்கள் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவரொருவர் முதலிற் பின்வருமாறு வகுக்கின்றார்:

* பெருந்தோட்டமும் தொழிலாளரும்
 கோப்பிச் செய்கையின் வீழ்ச்சி
 தேயிலைச் செய்கையின் எழுச்சி
 தொழிலாளரின் நிலையான குடியிருப்பு
 பெண்களின் உழைப்பு
 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம்

ஐந்து உபதலைப்புகளும் சமநிலையில் உள்ளன. ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு என்பது பற்றிச் சட்டகம் எதுவும் கூறவில்லை. ஆனால் வரலாறு கூறுகின்றது. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே பெருந்தொகையான தொழிலாளர் தேவைப்பட்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டியிருந்தது. ஆகவே குடும்பங்கள் தோட்டத்திலேயே நிலைத்தன. பெண்களின் உழைப்பு இன்றியமையாததாயிற்று. இதனை உணர்ந்த மாணவர் மூன்றாம், நான்காம் உபதலைப்புகளை ஒருபடி கீழிறக்குகின்றார். அவை தேயிலையின் கீழ் அடங்குகின்றன. இரண்டு தடவை விசையை அழுத்தியதால் ஒரு விளக்கம் பிறந்துள்ளது.

அடுத்து, கோப்பியின் வீழ்ச்சியே தேயிலையின் எழுச்சிக்கு வழிவகுத்தது எனக் கருதித் தேயிலையையும் ஒருபடி கீழிறக்க அவர் விரும்புகின்றார் எனக் கொள்வோம். இங்கு அவதானம் வேண்டும. ஆல்ட் விசையும் அம்புக்குறியும் அத்தலைப்பொன்றை மட்டுமே இறக்கும். அதன் கீழிருந்த குடியிருப்பும் பெண்களின் உழைப்பும் மூன்று உடுக்குறிகளுடன் இருந்த இடத்திலேயே நிற்கும். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே படிநிலையில் உடன்பிறப்புகள் ஆகிவிடுவர்! தேயிலையினின்று விளைந்தவை என்று அவர் சற்றுமுன் நிறுவிய தொடர்பு எவ்வித எச்சரிக்கையுமின்றி அழிந்துபோகும். கிளை முழுவதையும் ஒருங்கே இறக்குவதற்கு ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். பட்டியல் உருப்படிகளுக்கும் இதே விதி பொருந்தும்.

இறுதியாகக் குடியுரிமைச் சட்டம் எஞ்சுகின்றது. அதனைக் குடியிருப்பின் கீழ் இறக்குவது எளிது. காலவரிசைக்கும் அது பொருந்துவது போலத் தோன்றும். ஆயின் அவ்வாறு இறக்கும் கணத்தில், அரசொன்று சட்டமன்றத்தில் நிறைவேற்றிய தீர்மானம் பொருளாதார மாற்றத்தின் இயல்பான பின்விளைவாக உருமாறிவிடுகின்றது. நிலையாகக் குடியிருந்தமை குடியுரிமைக்கு வலுச் சேர்க்கும் நியாயமே அன்றி, அதனை மறுத்தற்குக் காரணமாகாது. மறுத்தவர்கள் யார், எந்த நலன்களின் பொருட்டு மறுத்தனர் என்ற வினாக்கள் எழுவதற்கு அத்தலைப்பு தன் இடத்தில் தனித்து நிற்றல் வேண்டும். ஓர் உடுக்குறியைக் கூட்டுவதும் குறைப்பதும் வரலாற்றுத் தீர்ப்பாக அமையக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

4

தலைப்புக்கும் பட்டியலுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தலைப்பு தொடங்கும், ஆனால் அதற்கு முடிவுக்குறி இல்லை. அதே படியிலோ மேற்படியிலோ மற்றொரு தலைப்பு வரும்வரை எழுதப்படும் அனைத்தும் அதற்கே உரியன. தேயிலை பற்றிய பகுதியில் இரு உபதலைப்புகளை எழுதி முடித்தபின், அப்பகுதி முழுவதற்குமான தொகுப்புரையொன்றை எழுத மாணவர் விரும்பினால் அது இயலாது. எத்தனை வெற்று வரிகள் விட்டாலும் அந்தப் பந்தி கடைசி உபதலைப்பான பெண்களின் உழைப்புக்கே உரியதாகும். தொகுப்புரையை உபதலைப்புகளுக்கு முன் வைக்கலாம்; அல்லது அதற்கெனத் தனித்தலைப்பு வகுக்கலாம்.

பட்டியல் அவ்வாறன்று. உருப்படியின் குறிக்குச் சமமாகவோ அதைவிடக் குறைவாகவோ உள்தள்ளி எழுதப்படும் வரி வந்தவுடன் அவ்வுருப்படி முடிந்துவிடும். இரண்டு வெற்று வரிகளும் பட்டியலை முடிக்கும். எனவே காரணங்களைச் சிறுகோடிட்டுப் பட்டியலாகத் தந்தபின், ஓரத்திலிருந்து புதிய பந்தியைத் தொடங்கினால், வாதம் மீண்டும் மூலத்தலைப்புக்கே திரும்பும். சென்று மீளவேண்டிய இடத்திற் பட்டியலும், பிரிந்து தனிவழி செல்லவேண்டிய இடத்தில் உபதலைப்பும் ஏற்றவை என்பது இதிலிருந்து நாம் பெறும் விதி.

வேறு சில வேறுபாடுகளும் உள. வகைக்குறிகளையும், முடிக்கவேண்டியது, முடிந்தது என்னும் வேலைநிலைகளையும் தலைப்பே தாங்கும். உருப்படி சரிபார்ப்புக் கட்டத்தை மட்டும் தாங்கும். எண்ணிட்ட பட்டியலில் இடையே கட்டளையால் ஓர் உருப்படியைச் சேர்த்தால் பின்வரும் எண்கள் தாமாகவே திருந்தும். இவ்வசதி கருதி எல்லாவற்றுக்கும் எண்ணிடுவது தவறு. எண்ணிடுதல் முன்பின் என்னும் வரிசையைக் கூற்றாக்குகின்றது. வரிசையற்ற காரணங்களுக்குச் சிறுகோடே நேர்மையானது.

முதலில் எடுத்த முடிவு இறுதியானதாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. கொன்ட்ரோல் விசையுடன் ‘சி’ எழுத்தை அழுத்தி, பின் உடுக்குறியை இட்டால் உருப்படி தலைப்பாகும். உடுக்குறிக்குப் பதிலாகச் சிறுகோட்டை இட்டால் தலைப்பு உருப்படியாகும். எழுதுமுன் பட்டியலாகக் குறித்துக்கொண்டவற்றுள் எது விரிவை வேண்டி நிற்கின்றதோ அதனை உயர்த்தலாம். தலைப்பாக வைத்தும் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் வளராததை இறக்கலாம். தாளில் எழுதியகாலத்திற் பக்கங்களைக் கிழித்து மீண்டும் படியெடுக்க வேண்டியிருந்தமையால், தவறென்று தெரிந்த சட்டகத்தையே தொடர்ந்து பின்பற்றினோர் பலர். அத்தடை இன்று நீங்கியுள்ளது.

5

இக்கருவிக்கும் எல்லை உண்டு. குறிப்புச்சட்டகம் மரத்தை ஒத்தது. அதில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரே தாய்க்கிளைதான். சமூக நிகழ்வுகளோ ஒன்றையொன்று பாதிப்பன. ஒன்றுக்குப் பல காரணங்கள் இருக்கும். பெண்களின் உழைப்பைத் தேயிலையின் கீழ் வைத்தால் குடும்ப அமைப்புடன் அதற்குள்ள தொடர்பு மறைந்துவிடுகின்றது. தலைப்புகளுக்கிடையே இணைப்புகளை இடவும், ஒரே வகைக்குறியைப் பல தலைப்புகளுக்குத் தரவும் ஓர்க் இடமளிப்பினும், மரத்தின் வடிவமே எழுதுபவரின் கண்முன் எப்போதும் நிற்கும். அவ்வடிவத்தை உலகத்தின் வடிவமாக மயங்கலாகாது. அவ்வாறே, மடித்த தலைப்புகள் தரும் ஒழுங்கான தோற்றம் உள்ளே எழுதப்பட்டவற்றின் செம்மைக்குச் சான்றாகாது. ஒரு கிளையை வெட்டி எடுக்கும் கட்டளை மடிப்பினுள் மறைந்துள்ளவற்றையும் சேர்த்தே எடுத்துச் செல்லும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

உருவமும் உள்ளடக்கமும் பற்றி நம்மிடையே நெடுங்காலம் விவாதம் நிகழ்ந்துள்ளது. அவ்விவாதம் பெரும்பாலும் கவிதையையும் புனைகதையையுமே சுற்றி வந்தது. ஆய்வுக் கட்டுரைக்கும் உருவமுண்டு. அதன் தலைப்புகளும் பட்டியல்களுமே அவ்வுருவத்தின் எலும்புக்கூடு. எதனை எதன்கீழ் வைத்தோம், ஏன் வைத்தோம் என்ற வினாவுக்கு எழுதுபவரே விடையளிக்க வேண்டும். கருவி செய்யக்கூடியது, அவ்வினாவை நம் கண்முன் நிறுத்தி, விடை தவறெனக் கண்டவிடத்து மாற்றுவதை எளிதாக்குவதேயாகும். மாணவர் தமது அடுத்த கட்டுரையின் சட்டகத்தை வகுக்கையில், ஒவ்வோர் உபதலைப்பையும் அதன் தாய்த்தலைப்பையும் சேர்த்து ஒரு வாக்கியமாக வாசித்துப் பார்ப்பாராக. அவ்வாக்கியம் உண்மையாயின் உபதலைப்பு அங்கேயே இருக்கலாம். உண்மையன்றெனின் அதற்குரிய இடத்தைத் தேடுதலே ஆய்வின் அடுத்த வேலை.